வண்டி ரெடியாகிக்கிட்டு இருக்கு

ரிமோட்டில் ஓடும் மான்ஸ்டர் டிரக் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஓட்டுகிறார்கள், உடைக்கிறார்கள், உடைந்ததை மாற்றுகிறார்கள், மறுபடியும் ஓட்டுகிறார்கள். இன்னொரு வகை பார்ட்ஸ்காரர். நாற்பதை ஒட்டிய வயது, கையில் சொந்தத் தொழிலோ சிங்கப்பூர்ச் சம்பளமோ இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் நெற்றியில் ஒரு டார்ச்லைட்டும் இருக்கும். அவருடைய வண்டி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கும். வாங்கிய அன்று கட்டை மேல் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கேட்பான்: "எப்பண்ணே ஓட்டுவீங்க?" பதில் தயாராக இருக்கும்: "வண்டி ரெடியாகிக்கிட்டு இருக்கு தம்பி. பின் ஷாக் மட்டும் வரணும்." போன மாதம் முன் ஷாக் மட்டும் வர வேண்டியிருந்தது. ஊரில் இவரை வண்டிப் பைத்தியம் என்பார்கள். என் கட்சி வேறு. வண்டி மேல் பைத்தியம் இருந்தால் ஓட்டியிருப்பார். ஓட்டாமல் இருப்பதற்கு இவருக்கு அவ்வப்போது ஒரு கௌரவமான காரணம் வேண்டியிருக்கிறது; அதைத்தான் பார்சலில் வரவழைக்கிறார். குற்றச்சாட்டு கொஞ்சம் கடுமையானது என்பதால் சாட்சிகளோடு வந்திருக்கிறேன்.

வழக்கை மணமேல்குடியில் வைத்து விசாரிப்பது வசதி. சென்னையிலோ கோவையிலோ ஒரு பார்ட்ஸ்காரரைப் பிடித்தால், "ஓட்டலாம்தான், இடம் எங்கே இருக்கு?" என்று தப்பித்துவிடுவார். புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தக் கடலோரத்தில் அந்தச் சாக்கு எடுபடாது. மணல், சேறு, பொட்டல் என்று மான்ஸ்டர் டிரக் கேட்கிற மூன்றும் வீட்டைவிட்டு இறங்கினால் கிடைக்கும். ஊருக்கென்றே ஒரு கோடியக்கரையும் உண்டு. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் மான் மேய்கிற கோடியக்கரை வேறு. ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் தர்ப்பணம் கொடுக்கக் கூடும் மணமேல்குடிக் கோடியக்கரை வேறு. கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் அங்கே வண்டியைக் கொண்டுபோய் இறக்கினால் கேட்க ஆளில்லை. அமெரிக்காக்காரன் காசு கொடுத்து லாரியில் மண் கொட்டி மேடு கட்டுகிற விளையாட்டுக்கு இங்கே கடவுளே மைதானம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பார்ட்ஸ்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார், மணல் பறந்து வந்து வண்டிமேல் படுமாம்.

முதல் சாட்சி, அவர் பார்ட்ஸ் வாங்குகிற வரிசை. ஆனால் அதற்கு முன் இந்த வண்டியின் குலம் கோத்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கத்தைச் சேர்ந்த பாப் சாண்ட்லர் தன் ஃபோர்டு பிக்கப்பைக் கண்ட இடத்திலெல்லாம் ஓட்டி உடைத்துக்கொண்டே இருந்தார். ஆக்சிலரேட்டரை மிதிக்கிற அவர் காலைக் கிண்டல் செய்து அவருடைய கடை ஆள் வைத்த பெயர்தான் பிக்ஃபுட். உடைந்த ஆக்சிலுக்குப் பதில் பெரிய ஆக்சில், அதற்கேற்ற பெரிய டயர் என்று வண்டி வளர்ந்தது; 1981-ல் பழைய கார்கள் மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். 1987-ல் ஜப்பானின் தமியா கம்பெனி கிளாட் பஸ்டர், லஞ்ச் பாக்ஸ், மிட்நைட் பம்ப்கின் என்று இந்த ராட்சதர்களைக் கையில் தூக்கும் அளவுக்குச் சுருக்கி விற்றது. ஆக, இந்த வம்சத்தின் மூல புருஷர் அப்கிரேடு செய்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலில் உடைத்தார், பிறகு மாற்றினார். நம்மவர் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கம்பெனி வண்டியில் குறை இல்லையா என்றால், உண்டு. சில கிட்களில் அச்சு சுழல்கிற இடத்தில் பால் பேரிங்குக்குப் பதிலாக வெறும் பிளாஸ்டிக் புஷ் வரும். மணல் புகுந்தால் அது தேயும், அச்சு ஆடும், கியர் பல் கடிபடும். பழைய லஞ்ச் பாக்ஸ் போன்றவற்றின் ஷாக்கில் எண்ணெய் கிடையாது, ஸ்பிரிங் மட்டும்தான். மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி குதித்துக்கொண்டே போகும், திருப்பத்தில் குப்புற விழும். எனவே ஒரு செட் பேரிங், நாலு எண்ணெய் ஷாக், முன் சக்கரத்தைத் திருப்ப உலோகப் பல் வைத்த ஒரு சர்வோ. இவ்வளவும் நியாயம், இவ்வளவும் அவசியம், இதற்கு ஆகும் செலவும் தாங்கக்கூடியது. இந்தத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் பேரிங்கை முதலில் மாற்று என்பார்கள். பார்ட்ஸ்காரர் அதைத்தான் கடைசியில் மாற்றுவார். பேரிங் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், வெளியே தெரியாது, அதைப் பற்றி ஹாலுக்கு வருகிற விருந்தாளியிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. அவர் முதலில் வாங்குவது நீல நிறம் ஏற்றிய அலுமினிய நட்டு. அடுத்தது முகப்பு விளக்கு. பகலிலேயே வெளியே போகாத வண்டிக்கு ராத்திரி ஓட்ட வெளிச்சம். ஓடுவதற்கான வண்டி என்றால் உள்ளிருந்து வெளியே வரவேண்டிய பட்டியல், இவர் கையில் வெளியிலிருந்து உள்ளே போகிறது. போய்ச் சேருவதும் இல்லை.

இரண்டாவது சாட்சி மோட்டார். சாதாரண 540 மோட்டார் 7.2 வோல்ட்டில், சுமை இல்லாதபோது, நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்று சுற்றும். குழந்தைகள் கூத்தாட இது தாராளம். பார்ட்ஸ்காரர் 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் தருவிக்கிறார். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு. மூன்று செல் லைப்போ பேட்டரி 11.1 வோல்ட்; பெருக்கினால் 36,630. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு இடுகிறார். அங்கேதான் சனி பிடிக்கிறது. ஒரு சுவருக்கு வெள்ளையடித்தால் அடுத்த சுவர் அழுக்காகத் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு பார்ட்டும் பக்கத்துப் பார்ட்டைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த வேகத்துக்குப் பிளாஸ்டிக் கியர் தாங்காதே, இரும்புக் கியர் போடு. கியர் தாங்கினால் அடி டிஃப்பரன்ஷியலுக்குப் போகும், அதை மாற்று. அது தாங்கினால் அச்சுத் தண்டு முறுக்கிக்கொள்ளும், கெட்டி எஃகில் வாங்கு. தண்டு தாங்கினால் சக்கரத்தைப் பிடிக்கிற 12 மில்லிமீட்டர் அறுகோணம் வழுக்கும், 17-க்குப் போ. 17-க்குப் போனால் பழைய சக்கரம் பொருந்தாது. புதுச் சக்கரம் கனம், சர்வோ திருப்பாது. பெரிய சர்வோ கரண்ட்டை இழுக்கும், ரிசீவர் மயங்கும். எல்லாம் சேர்ந்து எடை கூடிப்போனதால் ஷாக் படுத்துவிடும். எடை கூடியதால் மோட்டார் சூடாகும், ஆகவே இன்னும் பெரிய மோட்டார். இதில் கவனிக்க வேண்டியது, இத்தனையும் நடந்து முடிந்தபோது வண்டியில் ஒரு பார்ட்கூட உடைந்திருக்கவில்லை. கட்டை மேல் நிற்கிற வண்டி எப்படி உடையும்? உடையக்கூடும் என்ற யூகத்திலேயே ஒரு வண்டியின் எல்லா உறுப்புகளையும் மாற்றிய மருத்துவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது சாட்சி அலுமினியம். பார்ட்ஸ்காரரின் உள்மனம் வெளிப்படுவது இந்த உலோகத்தில்தான். சக்கரத்தைத் தாங்கும் கை கம்பெனியிலிருந்து பிளாஸ்டிக்கில் வரும். கஞ்சத்தனம் என்று அவர் நினைக்கிறார். உண்மையில் அது வளைவதற்காகவே வைத்தது. கல்லில் மோதினால் நைலான் கை வளைந்து அடியை விழுங்கிக்கொண்டு திரும்பப் பழைய நிலைக்கு வரும். மிஞ்சினால் அது ஒன்று உடையும், மாற்றுவதும் சுலபம். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான். வளையாமல் நின்றால் அடியை அப்படியே சேசிஸுக்குக் கடத்திவிடும், உடைவது விலை கூடிய சாமான். சர்வோவுக்கு முன்னால் சர்வோ சேவர் என்று வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும் ஓர் உறுப்பை வைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. மணமேல்குடிக்கென்று தனியாக ஒன்று உண்டு. உப்பு ஈரத்தில் அலுமினியமும் எஃகு ஸ்க்ரூவும் ஒட்டி இருந்தால் இரண்டுக்கும் இடையில் மின்வேதிச் சண்டை தொடங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், ஸ்க்ரூ உள்ளேயே கடித்துக்கொள்ளும், பிறகு எல் கீ வழுக்குவதுதான் மிச்சம். "அலுமினியம் துருப்பிடிக்காது மச்சான்" என்பார் பார்ட்ஸ்காரர். சிவப்பாகப் பிடிக்காது என்பது வரை சரி. இந்தக் கடற்கரையில் நாட்டுப்படகுக்காரர்கள் பெரும்பாலும் மரத்தை விட்டு ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். உப்போடு தினம் மல்லுக்கட்டுகிறவர்கள் பலரும் அரிக்காத பொருளுக்குப் போய்விட்ட ஊரில், உப்புக்காற்றுக்கு வண்டியைக் காட்டவே காட்டாத ஒருவர் மட்டும் உலோகத்தில் பிடிவாதமாக இருக்கிறார். கடலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அவரும் பிளாஸ்டிக்கே வாங்கியிருப்பார்.

பார்ட்ஸ் வந்து சேருகிற கதை ஒரு தனிப் புராணம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. பரிசுப்பொருள் என்று சொல்லித் தபாலில் வரவழைக்கும் வழியையும் 2019 டிசம்பரில் அடைத்துவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ஷாக் அப்சார்பரை ராக்கி என்று கணக்கில் காட்ட முடியுமா என்று பார்ட்ஸ்காரர் ஒரு இரவு யோசித்திருப்பார் என்றே நம்புகிறேன். மிச்சமிருக்கும் வழி சிங்கப்பூர் மைத்துனர். அவர் ஊருக்கு வருகிற தேதி தெரிந்ததும் பட்டியல் போகும். லைப்போ பேட்டரி தனியாக இருந்தால் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. ஷாக் நாலும் பெட்டியில். அந்த ஷாக்குக்குத் தங்க நிறப் பூச்சு. திருச்சி விமான நிலையத்தில், எத்தனையோ விதமாகத் தங்கம் பிடித்துப் பழகிய அதிகாரிகள் முன்னால், உருளை உருளையாக நாலு தங்க நிறக் குழாயை எடுத்துக் காட்டி "இது பொம்மை வண்டிக்கு சார்" என்று சொல்ல வேண்டிய மைத்துனரின் நிலையை நினைத்தால், அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்காக ஒரு மனிதன் எவ்வளவுதான் செய்ய முடியும் என்று தோன்றுகிறது.

எதிர்வாதம் வரட்டும். "மேம்படுத்துவதில் என்ன தப்பு? இந்த ஊரில் படகு வைத்திருப்பவர்கள் செய்யாததையா இவர் செய்கிறார்?" கெட்டிக்காரக் கேள்வி. பக்கத்துக் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். எஞ்சினைப் பிரிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். மேலும் மேலும் பெரிய எஞ்சின் மேல் ஆசை அங்கேயும் உண்டு. இல்லாவிட்டால் 240 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது என்று விதி எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. ஆனால் அங்கே ஜூன் 14 என்று ஒரு தேதி இருக்கிறது. அன்றைக்கு நள்ளிரவு தாண்டியதும் படகு கிளம்பியாக வேண்டும், டீசலுக்குக் கடன் நிற்கிறது, ஐஸ் ஏற்றியாயிற்று. போட்ட பார்ட் நல்லதா கெட்டதா என்பதை விடிவதற்குள் கடல் சொல்லிவிடும். பார்ட்ஸ்காரருக்கு வருஷம் முழுக்கத் தடைக்காலம். அவர் மாற்றிய எதையும் எந்தக் கடலும் சோதித்தது கிடையாது. சொல்லப்போனால் ரேடியோவால் இயக்கிக் காட்டப்பட்ட முதல் ஊர்தியே ஒரு படகுதான். 1898-ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா கூடியிருந்த ஜனங்களுக்கு முன்னால் தொட்டித் தண்ணீரில் விட்டு ஓட்டினார். பின் ஷாக் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

மாட்டு வண்டிப் பந்தயத்தையும் இதே போல் வாதத்துக்கு இழுப்பார்கள். இந்தப் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் பந்தயம் இல்லாமல் இராது. பந்தய வண்டியும் வீட்டு வண்டியைப் போல் அல்லாமல் எடை குறைத்துச் செய்ததுதான். இருக்கட்டும். அங்கே பிரிவு வைப்பது பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று ஓடுகிறதை வைத்து. வண்டியில் என்ன பேரிங் என்று ஒலிபெருக்கியில் யாரும் அறிவிப்பதில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம், கற்றல். பார்ட்ஸ்காரர் கையால் வேலை செய்கிறார், கியர் விகிதம் தெரிகிறது, வோல்ட்டும் ஆம்பியரும் தெரிகிறது, நாள் முழுக்க ஃபோனைத் தேய்ப்பவர்களைவிட இது மேல் இல்லையா? மேல்தான். இந்த இடத்தில் அவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். மோட்டார் முனையிலுள்ள பினியனும் அது சுழற்றுகிற ஸ்பர் கியரும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்று பார்க்க இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதக் கீற்றை விட்டுச் சுழற்றி, இறுக்கி, காகிதத்தை உருவுவார்கள். அந்த இடைவெளியை அவரைப் போல் நுட்பமாக வைக்க இந்த மாவட்டத்தில் ஆள் இருக்க மாட்டார். டிஃப்பரன்ஷியலில் எந்தப் பிசுக்குள்ள எண்ணெய், ஷாக்கில் எந்த எண்ணெய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்த எண்ணெய் சரியா என்பது தரையில் ஓட்டினால்தான் தெரியும். மணலில் வண்டியின் மூக்கு குத்தினால் முன்பக்கம் இளகல்; திருப்பத்தில் பின்பக்கம் அலைந்தால் வேறு கோளாறு. மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கை சுட்டால் பினியனில் பல்லைக் குறைக்க வேண்டும். ஓட்டுகிறவன் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளும் இந்த விஷயங்களை இவர் வருஷக்கணக்கில் படித்துத் தெரிந்து வைத்திருக்கிறார், படித்தது சரிதானா என்று பார்க்க மட்டும் மனசு வரவில்லை. ஓட்டிப் பார்த்து, இவ்வளவு செலவுக்குப் பிறகும் வண்டி சாதாரணமாகத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டால்? கட்டை மேல் இருக்கிறவரை அது உலகத்திலேயே சிறந்த வண்டி.

"அவர் காசு, அவர் சந்தோஷம், உனக்கென்ன?" என்பது கடைசி எதிர்வாதம். எனக்கு ஒன்றுமில்லை, கேள்வி அவர் மனைவிக்குப் போக வேண்டியது. எல்லோரும் நினைப்பதுபோல் அந்த அம்மாள் செலவுக்காகச் சண்டை போடுகிறவர் இல்லை. தன்னிடம் சொல்லப்படும் விலையை மூன்றால் பெருக்கினால் உண்மை விலை வரும் என்ற சூத்திரத்தை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார், கண்டுகொள்ளாமல் இருக்கிறார். அவருடைய ஆயுதம் வேறு. "என்னங்க, ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கடற்கரைக்குப் போவோம், வண்டிய எடுத்துக்கங்க, இன்னொரு பேட்டரி வேணும்னா நானே காசு தர்றேன்." பார்ட்ஸ்காரர் முகம் வெளுக்கும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். கஸ்டம்ஸுக்குப் பயப்படாதவர், எழுபது சதவீத வரிக்கு அசராதவர், இந்த ஒரு அழைப்புக்கு நடுங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் வண்டி நானூறு துண்டாகப் பாயில் பரப்பியிருக்கும். பிள்ளைகள் அப்பாவுக்காகக் காத்திருந்து அலுத்து, இரண்டு நுங்குக் கூட்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு தெருவில் ஓடியிருப்பார்கள். நுங்கு வண்டிக்கும் அப்கிரேடு உண்டு. பெரிய சக்கரம் வேண்டுமென்றால் பெரிய நுங்காகப் பார்த்து வாங்கித் தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் விற்கவும் செய்வார். அடுத்த மாடல் வந்துவிட்டது, இந்தச் சேசிஸுக்கு இனி பார்ட்ஸ் வராது என்பது காரணம். வாங்க அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வருவார். இந்தச் சந்தையின் கொடுமை என்னவென்றால், மேலே போட்ட பார்ட்ஸுக்குப் போட்ட விலையில் பாதிகூடத் தேறாது, வருகிறவர் முதலில் கேட்பது, "ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்காண்ணே?" இருக்கிறது. கம்பெனி கவரிலேயே, பேர் எழுதி, ஒரு திருகாணி குறையாமல் இருக்கிறது. "அடி கிடி பட்டிருக்கா?" ஒரு கீறல் காட்டுங்கள் பார்ப்போம் என்று இவர் சவால் விடுவார். வந்தவர் வண்டியைத் தூக்கிக் கனம் பார்த்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பார்: "எவ்வளவுண்ணே போகும்?" பார்ட்ஸ்காரர் அடிக்கோடிட்ட அந்தத் தாளைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "கணக்குப்படி எண்பது."